'அவள் அப்படித்தான்': ஒரு தீர்ப்பும் ஒரு திரைப்படமும்

இரண்டே சொற்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மூடி முத்திரை வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. 'அவள் அப்படித்தான்' என்று யாரேனும் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று பொருள். சொல்பவர் குரலை உயர்த்த வேண்டியதில்லை; சான்று காட்ட வேண்டியதில்லை; கேட்பவரும் ஒரு தலையசைப்போடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடலாம். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாத வசை அது. கடல் கடந்து வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களோடும் சாமி படங்களோடும் இவ்விரு சொற்களையும் சேர்த்தே கப்பலில் ஏற்றி வந்தன என்றால் அது மிகையாகாது.

இச்சொற்களையே பெயராகச் சூட்டிக்கொண்டு 1978ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி ஒரு திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் சி. ருத்ரையா. அது அவருக்கு முதற்படம். வண்ணப்படங்கள் பெருகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில், மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். ஒருத்தியின் வாழ்வில் ஒருவர் பின் ஒருவராக ஆடவர் வருவதும் நீங்குவதுமே அதன் கதை. அப்படத்தைப் பற்றி எழுதியோர் பலரும் அது பெண் விடுதலை பேசும் படம் என்று பாராட்டியிருக்கிறார்கள். அல்லது பெண்ணைக் குழப்பக்காரியாகக் காட்டும் படம் என்று குறை கூறியிருக்கிறார்கள். நாம் கேட்க விரும்பும் கேள்வி சற்று வேறானது. தலைப்பிலுள்ள அந்தத் தீர்ப்பை வழங்குபவர் யார்? படத்தில் யாருடைய வாய் அதற்கு மிகவும் பொருந்துகிறது? இதற்கு விடை தேடினால் படத்தின் உயர்வும், அதன் இரண்டு பெருங்குறைகளும் ஒருங்கே புலப்படும் என்பது நம் எண்ணம்.

அந்தமான் வாழ் தமிழருக்கு 1978 என்றதும் நினைவுக்கு வரும் படம் வேறொன்று. முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. நம் கடலும் நம் தென்னஞ்சோலைகளும் வண்ணத்தில் திரையேறின. மெல்லிசை மன்னரின் பாடல்கள் தாயகமெங்கும் ஒலித்தன. ஊரிலிருந்து வரும் உறவினர் இன்றளவும் அந்தப் பாட்டு எடுத்த இடம் எது என்று நம்மைக் கேட்பதுண்டு. அதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் அப்படத்தில் இருந்தது நம் தீவு. அதே ஆண்டின் கடைசியில் வந்த ருத்ரையாவின் படத்தில், தீவின் நிழல்கூட இல்லாத அச்சென்னைக் கதையில், நம் வீட்டுத் திண்ணை இருக்கிறது.

ருத்ரையா சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியில் பயின்று வெளிவந்தவர். உடன் உழைத்தவர்களும் பெரும்பாலும் அவரை ஒத்த இளைஞர்கள். ஒளிப்பதிவு நல்லுசாமியும் ஞானசேகரனும். எழுத்தில் சோமசுந்தரேசுவரரும் வண்ணநிலவனும் துணை நின்றனர். வண்ணநிலவன் யார் என்று நம் சங்க நூலகத்தைப் பயன்படுத்தும் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1977இல் வெளிவந்த 'கடல்புரத்தில்' நாவலை எழுதியவர். அந்நாவலில் பிலோமி என்னும் மீனவப் பெண் சாமிதாசை நேசித்து, அவனை இழந்து, இழந்தபின்னும் யாரையும் சபிக்காமல் நிற்கிறாள். அவளைப் படைத்த கை இந்தப் படத்திலும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நன்று. இசை இளையராஜா.

நடிகர்கள் மட்டும் புதியவர்கள் அல்லர். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா ஆகிய மூவருமே அப்போது ஓயாது நடித்துக்கொண்டிருந்தவர்கள். இம்மூவரையும் வைத்து ஸ்ரீதர் அதே 1978இல் 'இளமை ஊஞ்சலாடுகிறது' என்ற வண்ணப்படத்தை எடுத்து வெற்றி கண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு ஒரு பயன் உண்டு. ஸ்ரீதர் படத்திலும் காதல் இடம் மாறுகிறது. ஆனால் அங்கே மாற்றத்துக்கு ஒரு புனிதப் பெயர் இருக்கிறது. தியாகம் என்பது அது. ஒரு நண்பன் மற்றொரு நண்பனுக்காகக் காதலை விட்டுக்கொடுக்கிறான். பெண் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் பரிசுப் பொருளாகிவிடுகிறாள் என்பதை நாம் கவனிப்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. ருத்ரையாவின் படத்தில் யாரும் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த அளவுக்கு அது நேர்மையான படம்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். அருண் (கமல்ஹாசன்) பெண்களின் நிலை பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கச் சென்னைக்கு வருகிறான். மென்மையானவன்; நிறையப் படித்தவன்; கேட்டுக்கொள்ளத் தெரிந்தவன். அவனுடைய நண்பன் தியாகு (ரஜினிகாந்த்) ஒரு விளம்பர நிறுவனத்தை நடத்துபவன். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மதுக்கிண்ணம், பெண்களைப் பற்றி வாய்க்கு வந்த இழிவுரை. அந்த நிறுவனத்தில் பணிபுரியும் மஞ்சு (ஸ்ரீபிரியா) அருணின் ஆவணப்படத்துக்கு உதவ வருகிறாள். வெடுக்கென்று பேசுகிறவள், யாரையும் நம்பாதவள். பழகப் பழகத் தன் கதையைச் சொல்கிறாள். கோழையான தந்தை, வேற்று ஆடவரோடு பழகிய தாய், கல்லூரிக் காலத்தில் காதலித்துத் தன் பிழைப்பை முன்னிட்டுக் கைவிட்டவன் ஒருவன், பின்னர் மனோ என்னும் கிறித்துவப் பாதிரியார் மகன். இந்த மனோ அவளோடு நெருங்கியிருந்துவிட்டு, பெற்றோர் முன்னிலையில் அவளைத் தங்கை என்று அழைத்துவிடுகிறான்.

மஞ்சு அருணிடம் மெல்லச் சாய்கிறாள். சாய்ந்ததை உணர்ந்ததும் விலகிக்கொள்கிறாள். அருணுக்கு அவள்மீது காதல் பிறக்கிறது. அவளோ வேண்டுமென்றே அவன் வெறுக்கும்படி நடந்துகொள்கிறாள். அவன் ஊருக்குப் போய்த் தந்தை சொன்ன பெண்ணை மணந்து திரும்புகிறான். இழந்தது இன்னதென்று மஞ்சு அறியும்போது காலம் கடந்துவிட்டது. கடைசியில் தியாகுவின் காரில் நால்வரும் செல்கிறார்கள். மஞ்சு நடுவழியில் இறங்கிக்கொள்ள, கார் அவளை விட்டு விலகிச் செல்கிறது.

இதில் தியாகுவை வெறுப்பது எளிது. இயக்குநர் அதற்கு வேண்டிய வசதியெல்லாம் செய்து தந்திருக்கிறார். ஆனால் தியாகுவிடம் ஒளிவுமறைவில்லை. தகாத முறையில் நெருங்குகிறான், அறை வாங்குகிறான், அதையும் செரித்துக்கொண்டு நடமாடுகிறான். பெண்ணைப் பற்றி அவன் கொண்டுள்ள கருத்து கேவலமானது என்பதை அவனே மறைப்பதில்லை. படம் உண்மையில் விசாரணைக்கு நிறுத்துவது அவனையன்று, அருணை. இதைப் பல விமர்சகர்கள் காணத் தவறினர் என்றே நினைக்கிறோம். நல்லவன் என்பதால் அவனுக்கு விடுதலை அளித்துவிட்டனர்.

அருண் கேள்வி கேட்பவன். ஒலிவாங்கியை நீட்டிப் பெண்களைப் பேசவைப்பவன். அலுவலகத்தில் சிலர் தன்னைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியதை மஞ்சு அவனிடம் சொல்கிறாள். அவன் அதைத் தியாகுவிடம் கொண்டுபோக, அவர்களுக்கு வேலை போகிறது. மஞ்சு நன்றி பாராட்டவில்லை, சினங்கொள்கிறாள். அவள் அவர்களைத் தானே எதிர்கொள்ள நினைத்திருந்தாள். அருணுக்கு இது புரியவில்லை. உதவிதானே செய்தோம் என்ற வியப்பு அவன் முகத்தில். அவள் சொன்னதைக் கேட்டான். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியில் படம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. பிற்பாடு அவள் பொய்யாக ஒரு வேடம் பூண்டு அவனைச் சோதிக்கும்போது, இத்தனை நாள் அவள் துயரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அந்த வேடத்தை உடனே நம்பிவிடுகிறான். கேள்விகள் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் கேட்க வேண்டிய வேளையில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறான். தலைப்பிலுள்ள இரு சொற்களும் தியாகுவின் வாயைவிட அருணின் மௌனத்துக்கே மிகவும் பொருந்துகின்றன.

ஆவணப்படம் என்ற இந்த உத்தி வெறும் கதைச் சரடு அன்று. அருண் பேட்டி காணும் பெண்கள் ஒப்பனையின்றித் திரையில் தோன்றுகிறார்கள். ஒத்திகை பார்த்த வசனத்தின் மெருகு அவர்கள் பேச்சில் இல்லை. தயக்கமும் நாணமும் சட்டென்று வரும் சிரிப்புமாகப் பேசுகிறார்கள். சுற்றுப்புற ஓசையும் உடன் கேட்கிறது. படக்கதையைவிட அப்பெண்களின் பதில்கள் நம் நெஞ்சில் தங்கிவிடுகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அவை கதைக்குள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தால்தான் கூர்மை பெறுகின்றன. ஊரார் பெண்களையெல்லாம் கேட்பவன் அருகிலிருப்பவளைக் கேட்கவில்லை என்ற முரண் அங்கேதான் பிறக்கிறது.

பாட்டைப் பற்றியும் ஒரு சொல். கங்கை அமரன் எழுதி யேசுதாஸ் பாடிய பாட்டு ஒன்று இப்படத்தில் இருக்கிறது. உறவுகள் ஓய்வதில்லை, ஒன்று போனால் மற்றொன்று வரும் என்பதுபோல ஆறுதல் தரும் பாட்டு. நம் இல்லங்களில் எத்தனையோ இரவுகளில் வானொலியில் கேட்டு மனம் இளகியிருக்கிறோம். படத்தில் அதை அவளுக்குப் பாடுபவன் மனோ. அவளைத் தங்கையாக்கிவிட்டு நழுவப் போகிறவனே அவன். படம் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆறுதல்மொழியின் இனிமை குறையவில்லை, சொன்னவன்தான் பொய்யன். இதைவிடக் கசப்பான பாடற்காட்சி தமிழ்த்திரையில் அரிது. ஒரு குழுநடனம் இல்லை, உடைமாற்றம் இல்லை.

வறுமை சில கலைஞர்களுக்கு வாய்க்கும், சிலரை வீழ்த்தும். இங்கே பெரும்பாலும் வாய்த்திருக்கிறது. கட்டி எழுப்பிய அரங்குகளின் பகட்டு இல்லாத அறைகள். பாதி முகம் இருளிலும் பாதி முகம் ஒளியிலுமாக நெருங்கி எடுத்த காட்சிகள். அசையாமல் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒளிப்பதிவு. மஞ்சு தன் கடந்த காலத்தைச் சொல்லும்போது அவளைச் சுற்றியுள்ள இருள் வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை. ஸ்ரீபிரியாவின் நடிப்பு இதனால் உயர்ந்தது. கண்ணீரைக் கொட்டி இரக்கம் பெறுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சினமும் களைப்பும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. ஆனால் எல்லாக் குறையையும் பணமின்மைமேல் ஏற்றிவிடலாகாது. சில இடங்களில் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிட்டுக் கட்டுரை வாசிக்கிறார்கள். ஆங்கிலம் கலந்த அந்தப் பேச்சில் இயக்குநர் படித்த புத்தகங்களின் வாடை அடிக்கிறது. இளமைக்குரிய குற்றம் அது, பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, நம் மரபின் கண்ணால் இக்கதையைப் பார்ப்போம். தொல்காப்பியர் அகத்திணை ஏழு என்றார். நடுவில் அன்பின் ஐந்திணை. ஒரு புறம் ஒருதலைக் காமமாகிய கைக்கிளை. மறுபுறம் பொருந்தாக் காமமாகிய பெருந்திணை. காதல் இடம் மாறுவது மருதத்தில் பேசப்படுகிறது. தலைவன் பரத்தை வீடு சென்று மீள்கிறான்; தலைவி ஊடுகிறாள்; வாயிலோர் வந்து இரக்கிறார்கள்; அவள் மறுக்கிறாள், பின் ஏற்கிறாள். மாறியவனுக்கு மீள ஒரு கதவும், அக்கதவைத் திறக்கச் சொல்லும் தூதுவரும் இலக்கணத்திலேயே வைக்கப்பட்டுள்ளனர். மாறியவள் ஒருத்திக்கு எந்தத் திணையிலும் கதவு இல்லை. இதனால் நம் முன்னோரைப் பழிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அவர்கள் கண்டதை எழுதினார்கள். நாமோ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அந்தக் கதவை வைக்க மறந்தே வீடு கட்டுகிறோம். மஞ்சு கேட்பது புதிய ஒழுக்கம் எதையும் அன்று. தலைவனுக்குக் கிடைத்த அந்த வாயிலைத்தான்.

ருத்ரையாவுக்கு முன்னே இவ்வழியில் யாருமே நடக்கவில்லை என்று சொல்வது நன்றியின்மை. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பீம்சிங் இயக்கத்தில் 1977இல் படமாயிற்று. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டில் பாலசந்தரின் 'அவர்கள்' படத்தில் சுஜாதா மூன்று ஆடவருக்கிடையே நின்று, இறுதியில் எவரையும் சாராமல் புறப்பட்டுப் போனார். பாலசந்தரிடம் துணிவு உண்டு. ஆனால் அவருடைய கதைத்தலைவியர் துன்பத்தால் தூய்மை பெற்ற பின்னரே நம் கைதட்டலுக்கு உரியவராகிறார்கள். மஞ்சுவுக்கு அந்தத் தீக்குளியல் இல்லை. அவள் எரிச்சலூட்டுகிறாள், தவறு செய்கிறாள், நல்ல வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறாள். அப்படிப்பட்டவளையும் நாம் மனிதப்பிறவியாக மதிக்க வேண்டும் என்று கேட்பதுதான் கடினமான கோரிக்கை. வெளிநாட்டில் இதற்கு முன்னோடி தேடினால், பிரான்சுவா த்ரூஃபோ 1962இல் எடுத்த 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' நினைவுக்கு வரும். அங்கும் இரு நண்பர்கள், ஒரு பெண், நிலைகொள்ளாத நேசம். ஆனால் அந்தப் பெண்ணை அவ்விருவரும் ஒரு புதிராக வியந்துகொண்டேயிருக்கிறார்கள். மஞ்சுவை வியப்பவர் யாருமில்லை. அலுவலகத்தில் அவளைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள், அவ்வளவே.

இப்போது குறைகளுக்கு வருவோம். முதற்குறை மஞ்சுவின் தாய். மகள் ஏன் இப்படியானாள் என்பதற்கு விளக்கமாகவே அத்தாய் படத்தில் வைக்கப்பட்டிருக்கிறாள். தாய் அப்படி, ஆகவே மகள் இப்படி. 'அவள் அப்படித்தான்' என்னும் தீர்ப்பை மகள்மீதிருந்து எடுத்துத் தாய்மீது வைத்துவிட்டார் இயக்குநர். ருத்ரையா தம் முதற்படமாக எடுக்க விரும்பியது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை என்பதும், அது கைகூடாமற் போனதும் திரையுலகில் அறியப்பட்ட செய்தி. 1966இல் வெளிவந்த அந்நாவலை எண்ணிப் பார்த்தால் இக்குறை இன்னும் உறுத்துகிறது. அலங்காரத்தம்மாள் கணவனுக்கு அப்பாலும் உறவு கொண்டவள். அதற்கு ஜானகிராமன் காரணம் தேடி அலையவில்லை, கண்டிக்கவுமில்லை. அவளுடைய கம்பீரம், குற்றவுணர்வு, மகன் அப்புமீது அவள் வைத்த நம்பிக்கை, கடைசியில் காசிக்குப் புறப்படும் முடிவு ஆகியவற்றை ஒரு கோயிற்சிலையைச் சுற்றிக் காட்டுவதுபோலக் காட்டினார். அத்தகைய தாயைப் படிக்கத் தெரிந்த ருத்ரையா, தம் படத்தில் வரும் தாய்க்குப் பேசவே இடம் தரவில்லை. அருண் அவளிடம் ஒலிவாங்கியை நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

இரண்டாவது குறை அருணின் மனைவி. சரிதா சில நிமிடங்களே தோன்றுகிறார். கடைசிக் கார்ப்பயணத்தில் பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு அவளைக் கேட்கிறாள். அவளுக்கு அது பற்றி ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால்தான் மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்ற பொருள்பட மஞ்சு முடிக்கிறாள். கொட்டகைகளில் இதற்குக் கைதட்டல் எழுந்திருக்கக்கூடும். நமக்கு அதில் உடன்பாடில்லை. சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் புத்தகச்சொல் ஒன்று தெரியவில்லை என்பதால் அவளுக்கு வாழ்க்கையும் தெரியாது என்று கொள்வது அருணின் தவற்றை மறுபடி செய்வதே. அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று மஞ்சுவுக்கு யார் சொன்னது? திருமணமாகிச் சில நாளே ஆனவள், கணவனின் நண்பர்கள் முன்னிலையில் வேறென்ன விடை சொல்வாள்? நம் பாட்டிமாருக்கும் அந்தச் சொல் தெரியாது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாகத் திரும்பி, பின்னர்க் கச்சால் தீவின் ரப்பர்க் காடுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கும் தெரியாது. அவர்கள் எடுத்த முடிவுகளை ஒரு நகரத்துப் பெண்ணின் கேள்வியால் அளந்துவிட முடியாது.

படம் வெளிவந்தபோது பெருங்கூட்டத்தை ஈர்க்கவில்லை. அதே தீபாவளியையொட்டி வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' அடைந்த வெற்றி இதற்குக் கிட்டவில்லை. 1969இல் 'புவன் ஷோம்' என்ற சிக்கனப்படத்தால் இந்தியத் திரைக்குப் புதுவழி காட்டிய மிருணாள் சென் இதைப் பார்த்துப் பாராட்டிய பின்னரே பலரின் கவனம் திரும்பிற்று. தமிழக அரசும் அவ்வாண்டின் சிறந்த படங்களுள் இரண்டாம் பரிசை இதற்கு அளித்தது. ருத்ரையா 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' எடுத்தார், அது தோல்வியுற்றது. அதன்பின் 2014 நவம்பரில் மறையும்வரை மூன்றாவது படம் ஒன்றை அவரால் வெளிக்கொணர இயலவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஒரு மொழி தன் கலைஞன் ஒருவனை இவ்வளவு நீண்ட காலம் வாசலில் நிறுத்தி வைத்தது பற்றி நாம் வெட்கப்படலாம்.

இத்தீவுகளில் அமர்ந்து இப்படத்தைப் பார்க்கும்போது வேறொன்றும் மனத்தில் எழுகிறது. நாம் வாழும் ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டாலும், போர்ட் பிளேர் என்ற பெயரோடு கூடிய வரலாறு மாறிவிடாது. 1858இல் தொடங்கிய கைதிகள் குடியேற்றத்தில், நன்னடத்தை பெற்ற ஆண் கைதி பெண்கள் சிறையிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்து மணம் செய்துகொள்ள அரசு இடமளித்தது. தாயகத்தில் கணவனோ மனைவியோ இருந்தவர்களும் அவர்களில் உண்டு. சாதி வேறு, மொழி வேறு, சமயம் வேறு. அப்படி அமைந்த குடும்பங்களின் வழிவந்தோரைத்தான் 'லோக்கல் பார்ன்' என்று இங்கே அழைக்கிறோம். அவர்களிடமிருந்து நிலமும் கடையும் வாங்கினோம், இந்துஸ்தானி கற்றோம், அவர்கள் வீட்டு விசேடங்களுக்குப் போய்வருகிறோம். பழைய கதையைக் கிளறாமல் ஒருவரோடொருவர் வாழும் பழக்கம் இந்த மண்ணில் நமக்கு முன்பே இருந்தது. அதை நாம் அவர்கள் மட்டில் ஏற்றுக்கொண்டோம். நம் வீட்டுப் பெண்கள் மட்டில் மட்டும், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற்பயணம் வந்த பின்னும், ஊர்ப்பேச்சு நம்மோடு கூடவே கரையிறங்கியது. முதற்கணவனை இழந்தோ பிரிந்தோ இங்கு வந்து வேறொருவரோடு வாழத் தொடங்கிய பெண்ணை எத்தனை விழாக்களில் பின்வரிசையில் உட்காரவைத்திருக்கிறோம் என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். சங்கத்தின் விழாக்களும் அதற்கு விலக்கல்ல. இதை இம்மலரில் எழுதுவது சிலருக்கு வருத்தம் தரலாம். எழுதாமல் விட்டால் நாமும் அருணின் கட்சி.

இக்கட்டுரைக்காக நான்கைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி இப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தோம். ஆடவர் சிலர் மஞ்சு அருணை ஏற்றிருக்க வேண்டும் என்றனர். கல்லூரி மாணவி ஒருத்தி, தியாகுவின் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டாள். அதற்கு யாரும் விடை சொல்லவில்லை. உண்மையில் நாம் சிரித்திருந்தோம். மஞ்சுவுக்குத் திமிர் அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த மூத்த அம்மையார் ஒருவர், அவளுக்கு வேறு என்னதான் மிஞ்சியிருந்தது என்று கேட்டார். அவர் இளம்வயதில் கைக்குழந்தையோடு தனியே கப்பலேறி வந்தவர். ஏன் தனியே வந்தார் என்று இத்தனை ஆண்டுகளில் நாம் கேட்டதில்லை. கேட்காததை மரியாதை என்றுதான் எண்ணியிருந்தோம்.

படம் முடிந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். காரிலிருந்து இறங்கினாளே, அவளைக் கொண்டுபோய் வீட்டில் விடலாம் என்று அந்த மூவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா என்றார். கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கார் போய்க்கொண்டிருந்தது.